சர்வரில் எந்த டிஸ்க் எது?

2019 நவம்பரில் ஹெவ்லெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு வெளியிட்டது. அதன் சர்வர்களிலும் சேமிப்புப் பெட்டிகளிலும் இருந்த சில மாடல் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடி முடித்ததும் செயலிழந்துவிடும். அதன்பின் டிஸ்க்கையும் மீட்க முடியாது, அதிலிருக்கும் தகவலையும் மீட்க முடியாது என்றது அந்த அறிவிப்பு. கணக்கிட்டால் 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். 2020 மார்ச்சில் இன்னோர் அறிவிப்பு வந்தது. வேறு சில மாடல்களுக்கு அந்தக் கெடு 40,000 மணி நேரம்.

உள்ளே ஏதோ தேய்ந்துபோனதால் வந்த கோளாறு அல்ல இது. டிஸ்க்கை இயக்கும் ஃபர்ம்வேரில் இருந்த பிழை. பிளஸ், மைனஸ் குறியோடு 16 பிட்டில் எழுதப்படும் எண் 32,767 வரைதான் ஏறும். அதற்கு மேல் ஒன்று கூட்டினால் நிரம்பி, மைனஸ் எண்ணாக மாறிவிடும். 32,768 என்று படித்ததுமே நிரல் எழுதுவோர் பலருக்கும் இந்தப் பழைய பிழைதான் நினைவுக்கு வந்தது. புதிய ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டால் டிஸ்க் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கெடு முடிவதற்குள் ஏற்ற வேண்டும். ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் ஓட விட்ட டிஸ்க்குகள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நின்றுபோகும். ஒன்று போனாலும் மற்றவை தகவலைக் காக்கும் என்று நம்பிச் செய்த ரெய்டு ஏற்பாடு அப்போது கைகொடுக்காது.

அந்த அறிவிப்பைப் படித்த ஒவ்வொரு சர்வர் பொறுப்பாளரும் நான்கு கேள்விகளுக்கு உடனே விடை தேட வேண்டியிருந்தது. என் சர்வரில் இருக்கும் டிஸ்க்குகள் என்ன மாடல்? அவற்றில் ஓடும் ஃபர்ம்வேர் எந்தப் பதிப்பு? இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கின்றன? அவை எந்தெந்த ஸ்லாட்டில் இருக்கின்றன? இந்த நான்குக்கும் விடை தெரிந்தவர் அடுத்து என்ன செய்வது என்பதை அன்றே அறிந்தார். தெரியாதவருக்கு ஆபத்து இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை.

சர்வரைப் பராமரிப்பதில் மிக அடிப்படையான அறிவு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். சிக்கலான எந்த வேலைக்கும் முன்னால், பெட்டிக்குள் இருப்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கான வழிகள் எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன என்பதையும் சேர்த்துப் புரிந்துகொண்டால் தவறு செய்ய வாய்ப்பு குறையும்.

வந்த வரிசையில் கிடைக்கும் பெயர்

லினக்ஸ் சர்வரில் முதல் டிஸ்க்கின் பெயர் 'எஸ்டிஏ', அடுத்தது 'எஸ்டிபி', அதற்கடுத்தது 'எஸ்டிசி'. 26 எழுத்தும் தீர்ந்தால் 'எஸ்டிஏஏ' என்று இரட்டை எழுத்தில் தொடரும். சாட்டா, சாஸ், யுஎஸ்பி என்று எந்த வழியாக இணைந்த டிஸ்க் ஆனாலும் இதே வரிசைதான், ஏனென்றால் லினக்ஸ் கர்னல் இவை அனைத்தையும் ஸ்கஸி என்ற ஒரே அடுக்கின் வழியாகக் கையாளுகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் தடத்தில் நேரடியாக அமரும் என்விஎம்இ வகைக்குத் தனிப் பெயர்கள்: 'என்விஎம்இ0என்1', 'என்விஎம்இ1என்1' என்று போகும். மெய்நிகர் கணினிக்குள் பார்த்தால் 'விடிஏ' என்று இருக்கலாம்.

இந்தப் பெயர்களை டிஸ்க் கொண்டுவருவதில்லை. சர்வர் எழும்போது கர்னல் டிஸ்க்குகளைத் தேடுகிறது. கண்ணில் பட்ட வரிசையில் எழுத்துகளைக் கொடுக்கிறது. வங்கியில் கொடுக்கும் டோக்கன் எண்ணைப் போன்றது இது. இன்று 1 என்ற டோக்கன் வாங்கியவரே நாளையும் 1 வாங்குவார் என்று யாரும் நினைப்பதில்லை. நேற்று 'எஸ்டிபி' ஆக இருந்த டிஸ்க், சர்வரை அணைத்துப் போட்ட பிறகு 'எஸ்டிசி' ஆகலாம். கேபிளை வேறு போர்ட்டில் மாற்றிச் செருகினாலும், புதிய கன்ட்ரோலர் கார்டு போட்டாலும், பின்னால் ஒரு யுஎஸ்பி டிரைவ் செருகியிருந்தாலும், ஒரு டிஸ்க் எழுந்திருக்கச் சற்றுத் தாமதித்தாலும் வரிசை மாறும். இன்றைய கர்னல்கள் நேரத்தை மிச்சப்படுத்தப் பல டிஸ்க்குகளை ஒரே சமயத்தில் தேடுவதால், எதையும் தொடாமல் வெறுமனே மறுதொடக்கம் செய்தாலும் வரிசை மாறக்கூடும்.

ஒரு காலத்தில் பழைய ஐடிஇ வகை டிஸ்க்குகளுக்கு 'எச்டிஏ' என்று தொடங்கும் பெயர்கள் இருந்தன. 2007 வாக்கில் கர்னலின் புதிய இயக்கி அவற்றையும் 'எஸ்டி' வரிசைக்குள் கொண்டுவந்தது. அமைப்புக் கோப்புகளில் 'எச்டிஏ' என்று நேரடியாக எழுதி வைத்திருந்த கணினிகள் அந்த மேம்படுத்தலுக்குப் பிறகு தங்கள் டிஸ்க்கையே கண்டுபிடிக்க முடியாமல் நின்றன. ஃபெடோரா, உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்கள் டிஸ்க்கை எழுத்துப் பெயரால் குறிப்பதைக் கைவிட்டு, மாறாத அடையாளங்களால் குறிக்கத் தொடங்கியது இந்தக் காலகட்டத்தில்தான்.

பெயர் மாறுவதால் வரும் ஆபத்து சிறியதல்ல. டிஸ்க்கை அழித்துப் புதிதாக வடிவமைக்கும் கட்டளைகள் கேட்பது 'எந்த டிஸ்க்' என்ற ஒரே தகவலைத்தான். அங்கே ஓர் எழுத்து மாறினால் வேறொரு டிஸ்க்கில் இருக்கும் எல்லாமே போய்விடும். 'டிடி' என்ற நகலெடுக்கும் கட்டளையில் 'ஐஎஃப்' என்றால் எங்கிருந்து படிப்பது, 'ஓஎஃப்' என்றால் எங்கே எழுதுவது. இரண்டும் இடம் மாறினால் நல்ல டிஸ்க்கின் மேல் வெற்று டிஸ்க் எழுதப்பட்டுவிடும். கட்டளை நம்மிடம் மறுபடி கேட்காது.

டிஸ்க்கே சொல்லும் அடையாளம்

மாறாத அடையாளம் டிஸ்க்கின் உள்ளேயே இருக்கிறது. தொழிற்சாலையிலேயே எழுதப்பட்ட அதைக் கேட்டு வாங்க ஒரு கட்டளை உண்டு. சாட்டா டிஸ்க்குக்கு 'ஐடென்டிஃபை டிவைஸ்' என்ற கட்டளையை அனுப்பினால் அது 512 பைட் அளவில் பதில் தரும். அந்தப் பதிலில் எந்தத் தகவல் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தரநிலை வகுத்திருக்கிறது. சீரியல் எண்ணுக்கு 20 எழுத்துகள், ஃபர்ம்வேர் பதிப்புக்கு 8 எழுத்துகள், மாடலுக்கு 40 எழுத்துகள். எந்த நிறுவனம் செய்த டிஸ்க் ஆனாலும் இதே இடங்கள்தான். இதில் ஒரு பழைய வழக்கம் இன்றும் தொடர்கிறது: எழுத்துகள் இரண்டிரண்டாக இடம் மாறி வரும். 1234 என்ற சீரியல் எண் 2143 என்று வந்து சேரும். படிக்கும் நிரல்தான் அதைத் திருப்பிப் போட வேண்டும்.

சாஸ் டிஸ்க்குக்கு அனுப்புவது 'இன்கொயரி' என்ற கட்டளை. அதன் பதிலில் நிறுவனத்துக்கு 8 எழுத்துகள், மாடலுக்கு 16, ஃபர்ம்வேருக்கு 4. சீரியல் எண் இந்த முதல் பதிலில் வராது. தனிப் பக்கம் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். என்விஎம்இ டிஸ்க்கோ 'ஐடென்டிஃபை' என்ற கட்டளைக்கு 4,096 பைட் பதில் தருகிறது. அதிலும் சீரியல், மாடல், ஃபர்ம்வேர் மூன்றும் 20, 40, 8 என்ற அதே அளவுகளில் இருக்கின்றன.

சாட்டா டிஸ்க்கை ஸ்கஸி அடுக்கின் வழியாகப் பார்க்கும்போது நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஏடிஏ' என்று மட்டும் தெரியும். புதிதாக வருவோர் இதை ஒரு நிறுவனத்தின் பெயர் என்று எண்ணிக் குழம்புவதுண்டு. அது மொழிபெயர்ப்பு அடுக்கு போட்ட அடையாளம். உண்மையான தயாரிப்பாளரை மாடல் எண்ணிலிருந்துதான் அறிய வேண்டும்.

இவற்றோடு 'வேர்ல்ட் வைட் நேம்' என்ற இன்னோர் அடையாளமும் உண்டு. 64 பிட் எண்ணான இது, உலகில் எந்த இரண்டு டிஸ்க்குக்கும் ஒன்றாக வரக்கூடாது என்ற நோக்கத்தோடு உருவாக்கப்பட்டது. பதினறும (ஹெக்ஸாடெசிமல்) முறையில் 16 இலக்கங்களாக எழுதப்படும் அந்த எண் பெரும்பாலும் 5 என்று தொடங்கும். அடுத்த 6 இலக்கங்கள் தயாரிப்பாளருக்கு ஐஇஇஇ அமைப்பு ஒதுக்கிய குறியீடு. மீதி 9 இலக்கங்களை நிறுவனமே ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித்தனியாகக் கொடுக்கிறது. 5-க்குப் பிறகு 000சி50 என்று வந்தால் சீகேட். 0014இஇ என்று வந்தால் வெஸ்டர்ன் டிஜிட்டல். 000039 என்றால் தோஷிபா. 002538 என்றால் சாம்சங். பெட்டியைத் திறக்காமலேயே, எண்ணின் முதல் பாதியைப் பார்த்து டிஸ்க் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.

இத்தனை விவரங்களையும் கையால் கேட்க வேண்டியதில்லை. 'எல்எஸ்பிஎல்கே' என்ற கட்டளைக்கு வேண்டிய பத்திகளைச் சொன்னால் எழுத்துப் பெயர், அளவு, மாடல், சீரியல் எண், வேர்ல்ட் வைட் நேம், எந்த வழியாக இணைந்திருக்கிறது என்பதையெல்லாம் ஒரே அட்டவணையில் காட்டும். ஒரு டிஸ்க்கைப் பற்றி ஆழமாக அறிய 'ஸ்மார்ட்சிடிஎல்' இருக்கிறது. என்விஎம்இ வகைக்குத் தனிக் கருவியும், சாட்டா வகைக்கு 'எச்டிபார்ம்' என்ற பழைய கருவியும் உண்டு. எல்லாமே மேலே சொன்ன அந்தக் கட்டளைகளைத்தான் டிஸ்க்குக்கு அனுப்பிப் பதிலை நமக்குப் படித்துச் சொல்கின்றன.

யுஎஸ்பி வழியாக இணைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடையில் இருக்கும் மாற்றிச் சிப் சில சமயம் டிஸ்க்கின் சீரியல் எண்ணை மறைத்துத் தன் எண்ணைக் காட்டும். அத்தகைய டிஸ்க்கை சர்வருக்குள் நேரடியாகப் பொருத்தும்போது அடையாளம் வேறாகத் தெரியும்.

கிளவுட் சேவையில் ஓடும் சர்வருக்கும் இந்த அறிவு பொருந்தும். அமேசானின் புதிய தலைமுறை மெய்நிகர் கணினிகளில் இணைக்கும் சேமிப்பு என்விஎம்இ டிஸ்க்காகவே தெரிகிறது. டிஸ்க் பெயர்களின் வரிசை அங்கேயும் மாறக்கூடும். அதனால் சீரியல் எண் இருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சேமிப்பின் அடையாள எண்ணை அமேசான் வைத்திருக்கிறது. கையால் தொடக்கூடிய டிஸ்க் இல்லாத இடத்திலும் நம்பத் தகுந்தது அந்த 20 எழுத்துகள்தான்.

அளவு, வேகம், மாடல் எண்

4 டிபி என்று வாங்கிய டிஸ்க் சர்வரில் 3.6 என்று தெரிவது பலரையும் திகைக்க வைக்கிறது. டிஸ்க்கில் குறையேதும் இல்லை. தயாரிப்பாளர்கள் 1 டிபி என்பதைப் பத்தின் அடுக்காக, ஒரு லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். பல கருவிகள் இரண்டின் அடுக்காக 1,09,951 கோடியே 16 லட்சத்து 27 ஆயிரத்து 776 பைட்டை ஓர் அலகாகக் கொள்கின்றன. ஒரே டிஸ்க்கை இரண்டு அளவுகோலால் அளக்கிறோம். ரெய்டில் மாற்று டிஸ்க் போடும்போது இந்த உருட்டிய எண்களை விட்டுவிட்டு, பைட் அல்லது செக்டர் எண்ணிக்கையை நேரடியாக ஒப்பிட வேண்டும். புதிய டிஸ்க்கில் சில செக்டர்கள் குறைந்தாலும் ரெய்டு அதை ஏற்க மறுக்கலாம்.

செக்டர் அளவும் பார்க்க வேண்டிய ஒன்று. பல பத்தாண்டுகளாக ஒரு செக்டர் 512 பைட்டாகவே இருந்தது. இன்றைய பெரிய டிஸ்க்குகள் உள்ளே 4,096 பைட் செக்டர்களாக எழுதுகின்றன. அவற்றில் பல, பழைய நிரல்களுக்காக வெளியே 512 என்றே காட்டிக்கொள்கின்றன. அதனால் கருவிகள் இரண்டு அளவுகளைச் சொல்லும்: ஒன்று வெளியே காட்டுவது, மற்றொன்று உண்மையில் உள்ளே இருப்பது. இரண்டும் வேறாக இருக்கும் டிஸ்க்கில் பிரிவுகளின் தொடக்கம் 4,096-இன் மடங்கில் அமையாவிட்டால், ஒவ்வொரு சிறு எழுதலுக்கும் டிஸ்க் இரண்டு செக்டர்களைப் படித்துத் திருத்தி எழுத நேரும். வேகம் சரியும்.

சுழலும் ஹார்டு டிஸ்க்கா, சுழற்சியே இல்லாத எஸ்எஸ்டியா என்பதையும் டிஸ்க்கே சொல்கிறது. சாட்டா டிஸ்க்கின் பதிலில் 217-ஆம் இரு-பைட் இடத்தில் 1 என்று இருந்தால் சுழற்சி இல்லை. 7,200 என்று இருந்தால் நிமிடத்துக்கு அத்தனை சுற்று. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் விநாடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி ஆகும். தேடும் தகவல் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4.2 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். எஸ்எஸ்டியில் இந்தக் காத்திருப்பே இல்லை. தரவுத்தளத்தை எந்த டிஸ்க்கில் வைப்பது என்ற முடிவு இந்த எண்ணைப் பொறுத்தது.

டிஸ்க் தன்னைப் பற்றிச் சொல்வதை எல்லாம் அப்படியே நம்பவும் முடியாது என்பதை 2020 காட்டியது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் சில பெரிய டிஸ்க்குகள் 5,400 சுற்று என்று தெரிவித்தன. பயனர்கள் அவை எழுப்பும் ஒலியைப் பதிவுசெய்து அலைவெண்ணைப் பார்த்தபோது 120 ஹெர்ட்ஸில் உச்சம் தெரிந்தது. விநாடிக்கு 120 சுற்று என்றால் நிமிடத்துக்கு 7,200. 5,400 என்பது செயல்திறன் வகுப்பைக் குறிப்பது, சுழலும் வேகத்தை அல்ல என்று நிறுவனம் விளக்கம் தந்தது.

அதே ஆண்டு ஏப்ரலில் இன்னும் பெரிய பிரச்சினை வெளிவந்தது. அதே நிறுவனத்தின் 'ரெட்' வகை டிஸ்க்குகள் ரெய்டு சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்டவை. அவற்றில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் 'எஸ்எம்ஆர்' என்ற பதிவு முறையில் செய்யப்பட்டவை என்பதை நிறுவனம் ஒப்புக்கொண்டது. இந்த முறையில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஓரளவு படியும்படி எழுதப்படுகின்றன. இடம் மிச்சமாகும், ஆனால் ஒரு தடத்தைத் திருத்தினால் அதன் மேல் படிந்திருக்கும் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். பழுதான டிஸ்க்குக்குப் பதில் புதியதைப் போட்டு ரெய்டை மறுபடி கட்டும்போது நாள் கணக்கில் இடைவிடாமல் எழுத வேண்டியிருக்கும். அந்தச் சுமையில் இவை திணறின. சில அமைப்புகள் இவற்றைப் பழுதானவை என்று கருதி வெளியேற்றின.

விற்பனைப் பெயரிலும் அளவிலும் பழையதும் புதியதும் ஒன்றுதான். 4 டிபி 'ரெட்' என்று இரண்டின் மேலும் எழுதியிருக்கும். மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள் மட்டும் வேறு: பழையது 'இஎஃப்ஆர்எக்ஸ்', எஸ்எம்ஆர் கொண்டது 'இஎஃப்ஏஎக்ஸ்'. டிஸ்க் வாங்கும்போதும் மாற்றும்போதும் மாடல் எண்ணை முழுமையாகப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

மாறாத பெயர்களைப் பயன்படுத்துவது

டிஸ்க்கிடமிருந்து வாங்கிய அடையாளத்தை லினக்ஸே நமக்குப் பயன்படும் பெயராக்கித் தருகிறது. 'யுடெவ்' என்ற பகுதி ஒவ்வொரு டிஸ்க்கும் வந்து சேரும்போது அதன் விவரங்களைப் படித்து, 'டெவ்' கோப்புறைக்குள் இருக்கும் 'டிஸ்க்' கோப்புறையில் இணைப்புகளை உண்டாக்குகிறது. அங்கே மூன்று வகைகள் முக்கியம்.

'பை-ஐடி' என்ற பட்டியலில் மாடலும் சீரியல் எண்ணும் சேர்ந்த பெயர் இருக்கும். டிஸ்க்கை எந்த ஸ்லாட்டுக்கு மாற்றினாலும் இந்தப் பெயர் கூடவே போகும். ரெய்டு கட்டும்போதும், டிஸ்க்கை அழிக்கும்போதும் இதைத்தான் கொடுக்க வேண்டும். 'பை-பாத்' என்ற பட்டியல் எந்தக் கன்ட்ரோலரின் எந்த வாயிலில் டிஸ்க் இருக்கிறது என்பதைச் சொல்லும். டிஸ்க்கை மாற்றினாலும் இடத்தின் பெயர் மாறாது. 'பை-யுயுஐடி' என்பது டிஸ்க்கின் மேல் எழுதப்பட்ட கோப்பமைப்பின் அடையாளம். அது வன்பொருளைச் சேர்ந்தது அல்ல. டிஸ்க்கை அப்படியே நகலெடுத்தால் நகலிலும் அதே அடையாளம் இருக்கும். நகலையும் மூலத்தையும் ஒரே சர்வரில் சேர்த்துப் போடும்போது எதை ஏற்றுவது என்ற குழப்பம் வருவது இதனால்தான்.

டிஸ்க்குகள் வன்பொருள் ரெய்டு கார்டின் பின்னால் இருந்தால் நிலைமை வேறு. 8 டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே பெரிய டிஸ்க்காகக் கார்டு காட்டும். லினக்ஸுக்குத் தெரிவது அந்த ஒன்றுதான்; மாடல் இடத்தில் கார்டின் பெயர் இருக்கும். உள்ளே இருப்பவற்றை அறியக் கார்டு நிறுவனத்தின் சொந்தக் கருவி வேண்டும். அல்லது 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளைக்குக் கார்டின் வகையையும் டிஸ்க்கின் எண்ணையும் சொன்னால், அது கார்டைக் கடந்துபோய்க் கேட்டுவரும். சர்வரை ஒப்படைக்கும் நாளிலேயே இந்தக் கருவியை நிறுவிச் சோதித்துவிட வேண்டும்.

வயதும் உடல்நிலையும்

அடையாளத்தோடு வரலாறும் தெரிய வேண்டும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் முறைக்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். சாட்டா டிஸ்க்கில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் உண்டு. 9-ஆம் எண் ஓடிய மணி நேரம். 5-ஆம் எண், பழுதாகி வேறிடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள். 197-ஆம் எண், படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. பல்லாயிரம் டிஸ்க்குகளை ஓட்டி, 2013 முதலான தன் டிஸ்க்குகளின் விவரங்களைப் பொதுவெளியில் வைத்துவரும் பேக்பிளேஸ் நிறுவனம் 5, 187, 188, 197, 198 ஆகிய ஐந்து எண்களைக் கவனிக்கச் சொல்கிறது. இவற்றில் சுழியம் தவிர வேறேதும் தெரிந்தால் அந்த டிஸ்க்கின் மேல் கண் வைக்க வேண்டும்.

ஆனால் எல்லாம் சுழியமாக இருப்பதால் டிஸ்க் நலமாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். முதல் ஸ்கேன் பிழை தெரிந்த டிஸ்க், அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின. எச்சரிக்கை வந்தால் நம்ப வேண்டும். வராவிட்டால் நிம்மதி அடையக் கூடாது.

2025 ஜனவரியில் ஜெர்மனியிலிருந்து வந்த செய்தி இன்னொரு பாடம். புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகள் பல, உண்மையில் ஏற்கெனவே நெடுங்காலம் ஓடியவை என்பதை ஹெய்ஸ என்ற தொழில்நுட்ப ஊடகம் வெளிப்படுத்தியது. ஸ்மார்ட் பதிவில் ஓடிய மணி நேரம் சுழியத்துக்குத் திருப்பப்பட்டிருந்தது. ஆனால் சீகேட் டிஸ்க்குகளில் 'ஃபார்ம்' என்ற இன்னொரு பதிவும் உண்டு. அது திருத்தப்படவில்லை, பல்லாயிரம் மணி நேரம் ஓடிய உண்மை அதில் அப்படியே இருந்தது. இன்றைய 'ஸ்மார்ட்சிடிஎல்' அந்தப் பதிவையும் படித்துக் காட்டுகிறது. புதிய சீகேட் டிஸ்க் கைக்கு வந்ததும் இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது சில நிமிட வேலை. வாங்கியவர் ஏமாறாமல் இருக்க இது பெரிதும் உதவும்.

எண்ணிலிருந்து தட்டு வரை

திரையில் சீரியல் எண் தெரிந்துவிட்டது. சர்வரின் முன்னால் போய் நின்றால் டிஸ்க்குகளைத் தாங்கி ஒன்றுபோலவே இருக்கும் 12 அல்லது 24 தட்டுகள். எதை இழுப்பது? ரெய்டு 5 அமைப்பில் ஒரு டிஸ்க் போனால் மற்றவை தாங்கும். பழுதானதை விட்டு நல்லதை இழுத்துவிட்டால் இரண்டு இல்லாமல் போய், அந்த நொடியே சேமிப்பு நின்றுவிடும். கூட்டல் கழித்தல் அறியாதவரும் செய்யக்கூடிய வேலைதான் டிஸ்க்கை இழுப்பது. ஆனால் சர்வர் வேலைகளிலேயே அதிகக் கவனம் வேண்டியது அதுதான்.

இதற்காகத்தான் தட்டுகளில் விளக்கு இருக்கிறது. சாஸ் பெட்டிகளில் 'என்க்ளோஷர் சர்வீசஸ்' என்ற ஏற்பாடு ஒவ்வொரு ஸ்லாட்டின் விளக்கையும் கட்டுப்படுத்துகிறது. 'லெட்சிடிஎல்' என்ற கட்டளையோ ரெய்டு கார்டின் கருவியோ கொண்டு, குறிப்பிட்ட டிஸ்க்கின் இடங்காட்டி விளக்கை மினுக்கச் செய்யலாம். அந்த வசதி இல்லாத சர்வரில் ஓர் எளிய வழி உண்டு. அந்த டிஸ்க்கிலிருந்து மட்டும் தொடர்ந்து படிக்கச் செய்தால் அதன் செயல் விளக்கு விடாமல் எரியும். படிக்க மட்டுமே சொல்கிறோம், எதையும் எழுதச் சொல்லவில்லை என்பதை என்டர் அழுத்துவதற்கு முன் ஒருமுறை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

செத்துப்போன டிஸ்க் கேள்விக்குப் பதில் சொல்லாது. படிக்கச் சொன்னாலும் விளக்கு எரியாது. அப்போது நலமாக இருக்கும் அத்தனை டிஸ்க்குகளின் சீரியல் எண்ணையும் எடுத்து, முன்பே எழுதிவைத்த பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பட்டியலில் இருந்து, பதிலில் இல்லாத எண்தான் பழுதான டிஸ்க். இந்த வழி பட்டியல் இருந்தால்தான் பலிக்கும்; டிஸ்க் போன பிறகு பட்டியல் தயாரிக்க முடியாது.

ஸ்லாட் எண்ணிலும் கவனம் வேண்டும். சில சர்வர்கள் 0 என்று தொடங்கும், சில 1 என்று தொடங்கும். சில இடமிருந்து வலமாக எண்ணும், சில மேலிருந்து கீழாக. கருவி 3 என்று சொல்வது மூன்றாவது தட்டா, நான்காவதா என்பதை டிஸ்க்குகள் நலமாக இருக்கும்போதே விளக்கை மினுக்கிச் சோதித்துவிட வேண்டும். இழுத்த பிறகும் மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் சீரியல் எண்ணை ஒப்பிட வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க் திரையில் 'டபிள்யூடி' என்ற முன்னொட்டைச் சேர்த்துக் காட்டும். லேபிளில் அது இருக்காது. சீகேட்டின் பல சாஸ் டிஸ்க்குகள் திரையில் 20 எழுத்துகளைக் காட்டும். லேபிளில் முதல் 8 மட்டும் இருக்கும். இது தெரியாதவர் சரியான டிஸ்க்கையே தவறானது என்று நினைத்துத் திரும்பச் செருகிவிடுவார்.

உங்கள் பொறுப்பில் ஒரு சர்வர் இருந்தால், அது அலுவலகத்தில் இருந்தாலும் பள்ளியில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும், அடுத்த பழுது வரும்வரை காத்திருக்காதீர்கள். ஸ்லாட் எண், மாடல், சீரியல் எண், வேர்ல்ட் வைட் நேம், ஃபர்ம்வேர், ஓடிய மணி நேரம், வாங்கிய தேதி ஆகியவற்றை ஒரு பட்டியலாக எழுதுங்கள். அதை அச்செடுத்து சர்வரின் பக்கத்திலும், இன்னொரு பிரதியை வேறிடத்திலும் வையுங்கள். சர்வருக்குள் மட்டும் வைத்தால் தேவைப்படும் நாளில் அதைத் திறக்க முடியாது. ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை ஒட்டுங்கள். டிஸ்க் மாற்றும் ஒவ்வொரு முறையும் பட்டியலையும் மாற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் முடியும் இந்த வேலையை இந்த வாரமே செய்துவிடுங்கள்.